பகுதியெண்ணைக் குறைப்பது எளிது

காலை ஏழு மணிக்கு முன்னரே பாடசாலைப் படலையைத் திறந்துவைக்கும் அதிபர் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். எழுதிக்கொள்ளத் தேவையில்லை, சேர், சும்மா சொன்னேன். விசாரணைக்கு வந்த நீங்களும் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கும்.

2010இல் நான் இந்தக் களப்புக் கரைப் பாடசாலையைப் பொறுப்பேற்றேன். அதற்கு முந்திய, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அறுபத்தொரு பேர் எழுதிப் பத்தொன்பது பேர் சித்தி. முப்பத்தொரு வீதம். காரியாலயச் சுவரில் தூரநோக்கு ஒரு பலகை, பணிக்கூற்று ஒரு பலகை. இரண்டிலும் ‘ஒளிமயமான’ என்று எழுதியிருந்தது; மேலே எரிந்துபோன பல்ப். எனக்கு முன்பு இருந்தவர்கள் வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டவர்கள். ஒரு வருடம் பூந்தோட்டம், மறு வருடம் பேண்ட் வாத்தியம். நான் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒரு பிரிஸ்டல் அட்டையை ஒட்டினேன். பத்து வருடம், பத்துக் கோடு, கடைசிக் கோட்டில் நூறு வீதம். ஜும்ஆத் தொழுகை முடிந்து அதைப் பள்ளிவாசல் முற்றத்தில் விரித்துக் காட்டியபோது ஜமாஅத் அழுதது என்றால் மிகை. தலைவர் மூக்கைத் துடைத்தார்.

முதலில் நேர்மையாகத்தான் தொடங்கினேன். மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, மாதிரி வினாத்தாள். இரண்டு வருடம் ஆசிரியர்கள் தொண்டை கட்டக் கத்தி, முப்பத்தொன்று முப்பத்துமூன்று ஆனது. அட்டையில் நாற்பத்தைந்து என்று இருந்தது. நான் கணித ஆசிரியன், சேர். ஒரு பின்னத்தில் தொகுதியெண்ணைக் கூட்டுவது பெரும்பாடு. பகுதியெண்ணைக் குறைப்பது எளிது.

யுத்தம் முடிந்து, தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்த சனம் திரும்பவும் அங்கே காணி துப்புரவாக்கவும் பெயர் பதியவும் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. கிழமைக்கு இரண்டு பேர் பிள்ளையை அங்கே மாற்ற விடுகைப் பத்திரம் கேட்டு வருவார்கள். காரணம் என்ற இடத்தில் ‘மீள்குடியேற்றம்’ என்று எழுதினால் வலயக் கல்விக் காரியாலயத்தில் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. எனவே தவணைப் பரீட்சையில் நாற்பதுக்குக் கீழே எடுத்த பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினேன். மன்னாரில் பிள்ளையின் பதிவு இருந்தால் வீட்டுத்திட்டம் சுணங்காது என்று பக்குவமாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மன்னாரில் ஒரு பாடசாலையும் எதிர்பார்க்கவில்லை. இங்கேயும் யாரும் தேடவில்லை. இருபது வருடம் இழுபட்ட மீள்குடியேற்றத்தை நான் ஒரு பேனையால் செய்துகொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்து வந்தது. பிறகு அறுபது. பிறகு எழுபத்திரண்டு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீண்டகாலத் திட்டமிடல் பற்றி மற்ற அதிபர்களுக்கு விரிவுரை செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

பிரதி அதிபர் ஸக்கியா டீச்சருக்குத்தான் வாய் சும்மா இருக்காது. “பதினோராம் வகுப்பில பிள்ளைகள விட குந்துற வாங்குகள்தான் கூட, சேர்,” என்றார் ஒருநாள். “அடுத்த வருஷம் எங்களையும் மீள்குடியேத்திருவீங்களோ?” நான் சிரித்தேன். நகைச்சுவை ஒரு நிறுவனத்துக்கு நல்லது.

2017க்கு வருகிறேன். நீங்கள் கேட்க வந்ததும் அதைத்தான். அஸ்ரியா என்ற பிள்ளை வகுப்பில் மூன்றாம் இடத்துக்குக் கீழே போனதில்லை. தவணைப் பரீட்சை நடந்த நேரம் டெங்குக் காய்ச்சல். எழுந்து வந்து கணிதம் மட்டும் எழுதினாள். முப்பத்தெட்டு. தகப்பன் காணி வெட்ட மன்னாருக்குப் போகிற அவசரத்தில், எதற்கென்று கேட்காமல் விடுகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பரீட்சை விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது தாய் ஜெய்னம்பு வந்தார்.

“என்ட புள்ளட ஃபோம் மட்டும் போகல்லயாம், சேர்.”

“உங்கட மகள் மன்னாருக்குப் போயிட்டாவே.”

“எங்க சேர் போன? இந்தா, வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கிறா.”

“பதிவில போயிட்டா.”

“பதிவு போனாப் போகட்டும். புள்ளயத் தாங்க.” ஆஸ்பத்திரித் துண்டை மேசையில் வைத்தார். “பத்து நாள் கிடந்தவ. அல்லாஹ்வுக்காக ஒரு கையெழுத்து, சேர். இந்தச் சோதின இல்லாட்டி வாப்பா கலியாணம் பேசிருவார்.”

ஸக்கியா டீச்சர் கையிலேயே விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றார். என் கையெழுத்து மட்டும் மிச்சம். அவள் எழுதினால் சித்தியடைவாள் என்பது எனக்குத் தெரியும். அதை மறைக்கும் ஆள் நான் இல்லை. ஆனால் ஒருவருக்கு விலக்களித்தால் நாளை ஒன்பது பேர் காய்ச்சலோடு வருவார்கள். அட்டையில் காய்ச்சலுக்கு நிரல் இல்லை. நிலைதளராமை என்று நான் விரிவுரையில் சொன்னது இதைத்தான். பேனையை மூடி வைத்தேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம் என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

ஐந்து கிழமையில் கலியாணம். பிள்ளைக்குப் பதினாறு, மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு, மதுரங்குளியில் கடை. எனக்கும் அழைப்பு வந்தது. மாப்பிள்ளையோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டேன். இறைச்சி நன்றாக வெந்திருந்தது. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தேன்.

2019இல் பத்தாவது கோட்டைத் தொட்டோம். எழுதியவர் ஒருவர். ரிப்கான். பரீட்சை அன்று காலை அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. பதினெட்டு ஆசிரியர்களும் மலசலகூடத்துக்கு வெளியே நின்று துஆக் கேட்டோம். ஒன்பது பாடங்களிலும் சித்தி. நூறு வீதம். வாசலில் பேனர் கட்டினோம். அதில் என் படம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அச்சகத்தின் பிழை.

எட்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விடுகைப் பத்திரங்கள். எல்லாம் என் கையெழுத்து. போலி என்று எழுதாதீர்கள். பொய் என்று வேண்டுமானால் எழுதுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் மனுவின் பிரதி வலயத்திலிருந்து எனக்கும் வந்தது, நேற்று வாசித்தேன். அஸ்ரியா அனுப்பியது. ஆறு பக்கம், பந்திக்குப் பந்தி இலக்கமிட்டு. சிவப்புப் பேனையோடுதான் உட்கார்ந்தேன், பழக்கதோஷம். திருத்த ஒரு பிழை கிடைக்கவில்லை. நாலாம் பக்கத்தில், ரிப்கான் உட்பட அவனது ஆண்டில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஐம்பத்தாறு பேர் என்றும், அதன்படி எங்கள் உண்மையான சித்தி வீதம் 1.79 என்றும் கணக்கிட்டிருக்கிறாள். வகுத்துப் பார்த்தேன். இரண்டு தசமதானத்துக்குச் சரி. தசமதானம் அவளுக்கு நான் படிப்பித்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள், சேர். இந்த மனுவைத் தமிழிலும் கணிதத்திலும் அவளுடைய சித்தியாகக் கருதி, எங்கள் பெறுபேற்றில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் இரண்டு பேர். வீதம் மாறாது.