முதல் பைல்

மோசஸ்: எல்சா சிஸ்டர், எழுந்து நில்லுங்க. இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியின் வரலாற்றில் இது ஒரு பொன்னாள். அடியேன் உருவாக்கிய மென்பொருளில், காலை பதினொன்று இருபதுக்கு, ‘அனுப்பு’ என்னும் பட்டன் உதயமாகியுள்ளது!

எல்சா: கட்டுப் போட ஆளுக நிக்கறாங்க. உக்காந்தே கேக்கறேனுங்க.

மோசஸ்: இனி எக்ஸ்ரே பைலைப் பென்டிரைவ்ல போட்டு, பஸ்ல கோயமுத்தூருக்குக் கொண்டு போக வேண்டாம். இங்க அழுத்தினா அங்க டாக்டர் கம்ப்யூட்டர்ல...

எல்சா: ஜனவரியிலயும் இதையேதான் சொன்னீங்க. அடுத்த வாரம்னு.

மோசஸ்: லேசான வேலைங்களா? மழைக்கு நெட் போகும், கரண்ட் போகும். விட்ட எடத்துல இருந்து பைல் மறுபடி போகணும். நாலு மாசம் ராப்பகலா எழுதினேன்...

எல்சா: அதுதான் இதுங்களா?

மோசஸ்: அது... பாதி வழியிலயே நின்னுச்சுங்க. இது ஒரு லைப்ரரி. பைல் அனுப்பறதுக்குன்னே யாரோ எழுதி, எல்லாருக்கும் எடுத்துக்கக் குடுத்தது. எடுத்துச் சேத்துட்டேன்.

எல்சா: சேக்க எத்தன நாளாச்சு?

மோசஸ்: அதெல்லாம் இப்ப எதுக்குங்க?

எல்சா: சொல்லுங்க.

மோசஸ்: நேத்து சோறு உண்டுட்டு உக்காந்தேன். சாயங்கால டீக்குள்ள முடிஞ்சிருச்சு.

எல்சா: அந்த லைப்ரரி ஜனவரியிலயும் இருந்துச்சுங்களா?

மோசஸ்: இருந்துச்சு... அடுத்தவன் எழுதினதப் போட்டா எனக்கென்னங்க மரியாத? முகப்புல ‘உருவாக்கம்: மோசஸ்’னு இருக்குதல்ல.

எல்சா: இருக்குது. ஆஸ்பத்திரி பேர விடப் பெருசா.

மோசஸ்: அத விடுங்க! முதல் பைல் எது?

எல்சா: வரிசையில மேல இருக்கறது. எங்கப்பாது.

மோசஸ்: மரியஅந்தோணி... ஜனவரி பதினாறு! இது இன்னும் போகலீங்களா? பென்டிரைவ் குடுத்து விட்டிருக்கலாமே!

எல்சா: பட்டன் வருது, அதுக்குள்ள எதுக்கு அலையறீங்கன்னு நீங்கதான சொன்னீங்க? போன்ல படம் புடிச்சு அனுப்பினேன். தெளிவில்ல, பைலே வேணும்னாரு டாக்டரு.

மோசஸ்: நேர்லயே கூட்டிட்டுப் போயிருக்கலாம்...

எல்சா: மலை எறங்கற பர்லியார் வளைவுல அவருக்கு வாந்தி வரும். டாக்டர் வான்னா வாரேன், சும்மா எதுக்கு பஸ் ஏறணும்னாரு.

மோசஸ்: நானும் குன்னூர விட்டு இந்தப் பக்கமே வரல... இப்ப இருமல் எப்படிங்க?

எல்சா: நின்னுருச்சு. என்ன நோவுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அழுத்துங்க.

மோசஸ்: போகுது... நாப்பது... எழுபது... அய்யோ, நெட் போயிருச்சு.

எல்சா: பொறுங்க... மறுபடி ஓடுது.

மோசஸ்: தொண்ணூறு... நூறு! போயிருச்சு சிஸ்டர்! இருங்க, டாக்டர் பார்க்கறாரு... பதிலே போட்டுட்டாரு!

எல்சா: படிங்க.

மோசஸ்: ‘ஆரம்ப நிலைதான். சீக்கிரம் அனுப்பினது நல்லதாப் போச்சு. குணப்படுத்திரலாம். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க.’ பாத்தீங்களா! முதல் நாளே என் பட்டன் ஒரு உசிரக் காப்பாத்திருச்சு! கார் வாசல்ல நிக்குது, அப்பாவக் கிளப்புங்க!

எல்சா: ஈஸ்டர் கழிஞ்ச செவ்வாக்கெழம அப்பாவ அடக்கம் பண்ணிட்டோமுங்க.