ரெட்டைக்கோடு மூணும் ஒரே நேர்ல

தெய்வநாயகி: ...அதெல்லாம் அப்புறம்யா. கோட்டையில துரைசாணி இன்னா சொன்னாங்க? கல்லை ஏத்துக்கினாங்களா?

ஆதிகேசவன்: தண்ணி குடுமே மொதல்ல. வெயில்ல உளி, சுத்தியெல்லாம் தூக்கிக்கினு வந்திருக்கேன்.

தெய்வநாயகி: இந்தா, குடி... சொல்லு!

ஆதிகேசவன்: மொதல்ல, சமாதிக் கல்லைச் சுத்திச் சுத்தி வந்தாங்க.

தெய்வநாயகி: ஐயோ... இது மூணாவது தபா. இதுவும் கோணிச்சுன்னா ஒல்லாந்துலேருந்தே கல்லு வரவழைப்பேன்னாங்களே!

ஆதிகேசவன்: பின்ன? அவங்க புருசன் கப்பல்ல நட்சத்திரம் பாத்து வழி சொன்னவரு. சாவறதுக்கு முன்ன போட்ட மூணு வரிக் கணக்கு, அவரு தலைமாட்டுல ஒழுங்கா நிக்கணும்னு கேக்குறாங்க.

தெய்வநாயகி: மொத தபா நீ கரியில வரையறப்ப ஒவ்வொரு வரியையும் தனித்தனியா நடுவுல வெச்சே. ரெட்டைக்கோடு மூணும் மூணு பக்கம் ஓடிச்சு.

ஆதிகேசவன்: ரெண்டு பக்கமும் சமம்னு சொல்ற கோடாம் அது. ஒண்ணுங்கீழ ஒண்ணு நிக்கணுமாம். சரின்னு ரெண்டாந்தபா மூணையும் கல்லோட நட்டநடுவுல நிறுத்தினேன்...

தெய்வநாயகி: வலப்பக்கந்தான் நீளம். மொத்தமும் அந்தாண்ட சாஞ்சுபோச்சு.

ஆதிகேசவன்: உனக்கெப்படித் தெரியும்? அப்ப நீ கல்லு பக்கமே வரலியே!

தெய்வநாயகி: ...நீதான் சொன்னே.

ஆதிகேசவன்: நானா?

தெய்வநாயகி: பேச்சை மாத்தாதய்யா. இன்னிக்கு இன்னா ஆச்சு?

ஆதிகேசவன்: கயிறு வெச்சு அளந்தாங்க. ரெட்டைக்கோடு மூணும் ஒரே நேர். ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவு இடம். பாஷை மாத்திச் சொல்ற துபாஷியை விட்டு, எப்படின்னு கேட்டாங்க. கோட்டுக்கு இடப்பக்கம் எந்த வரி நீளமோ அது, வலப்பக்கம் எது நீளமோ அது, ரெண்டையும் சேத்து அந்த அளவுக்கு ஒரு ஓலை நறுக்கணும். ரெண்டா மடிக்கணும். மடிப்பு விழுற எடம் கல்லுக்கு நடு. ரெட்டைக்கோடு நடுவுலேருந்து கொஞ்சம் தள்ளி நிக்கும், நிக்கட்டும்னேன்.

தெய்வநாயகி: அதுக்கு?

ஆதிகேசவன்: அழுதுட்டாங்க. கோட்டை மேஸ்திரிங்க அத்தினி பேரும் ஓடி வந்து பாத்தாங்க. பழவேற்காட்டுல இந்த மாதிரி வேலை பாத்ததே இல்லியாம்!

தெய்வநாயகி: உன் கையாச்சே... பெருமையாத்தான் இருக்குது.

ஆதிகேசவன்: அப்ப மூஞ்சி ஏன் சுருங்குது?

தெய்வநாயகி: ஒண்ணுமில்ல...

ஆதிகேசவன்: போன வாரம் நான் பொன்னேரி போய்த் திரும்பறதுக்குள்ள, கல்லு மேல கரிக்கோடு எடம் மாறியிருந்துச்சு. பக்கத்துல மடிச்ச ஓலை.

தெய்வநாயகி: நீ ஒண்ணுமே கேக்கலியே... உன் கோடுன்னே நம்பி நீ வெட்டிட்டதா நெனச்சேன்.

ஆதிகேசவன்: என் கோடு எனக்குத் தெரியாதா? உன் கோட்டை நம்பித்தான், துரைசாணிகிட்ட வரைஞ்சு காட்டாமலே உளி வெச்சேன்.

தெய்வநாயகி: அப்ப... ஆரு போட்டதுன்னு அவங்க கேட்டிருந்தா?

ஆதிகேசவன்: கேட்டாங்க. “என் பொண்டாட்டி தெய்வநாயகி”ன்னேன். நம்பல. எழுந்து தலையை வாரிக்கோ... உன் வாயாலயே கேக்கணும்னு பின்னாடியே பல்லக்குல வராங்க, தெருமுனை திரும்பியாச்சு!