ஐயனார் நகருக்கு ஒரு ரயில் நிறுத்தம்

மின்சார ரயிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது கிளம்புவதே நமக்குத் தெரியாது என்பதுதான். பல்லாவரத்தில் ஏறி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால் ஒரு குலுக்கல் கிடையாது, கரித்தூள் கண்ணில் விழாது. நிமிர்ந்து பார்த்தால் அடுத்த ஸ்டேஷன் வந்திருக்கும். மெட்ராஸில் இருந்த காலம் முழுக்க நான் ஆபீசுக்குப் பிந்திப் போனதே இல்லை. இன்ஸ்பெக்டர் அய்யா அந்த ரயிலில் போயிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. போயிருந்தால் நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்வது சுலபம்.

அப்பா தவறியபிறகு ஊருக்கு வந்துவிட்டேன். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டிய மானாவாரி நிலத்தைப் பிளாட் போட்டு விற்றார்கள். ஐயனார் நகர் என்று பெயர் வைத்தார்கள். எண்பத்து மூன்றில் நான் வீடு கட்டும்போது அங்கே வேலிக்கருவைதான் அதிகம். நாலைந்து வருஷத்தில் மில் தொழிலாளிகளும் பேண்டேஜ் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுமாக ஊர் நிறைந்துவிட்டது. டவுன் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிதுங்கிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் நிற்காது. ரயிலும் நிற்காது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

அதனால் பெண்கள் காலையில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து இராஜபாளையத்துக்கு வேலைக்குப் போனார்கள். ரோட்டைச் சுற்றினால் மூன்று பங்கு தூரம். வழியில் ஓடைக்குமேல் ஒரு ரயில் பாலம். நீளமான பாலம்தான். ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது. கட்டைக்குக் கட்டை காலை எடுத்துவைத்து, கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மதுரையிலிருந்து வரும் காலைப் பாசஞ்சர் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய்விடும் என்பதால் பெரிய ஆபத்தில்லை. அது பிந்துகிற நாட்களில்தான் யோசிக்க வேண்டும். பாலத்துக்கு முன்னால் மாந்தோப்பு வளைவு இருப்பதால் வண்டி பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது.

நான்தான் ரயில் பயணிகள் நலச் சங்கத்தைத் தொடங்கினேன். செகரட்டரியும் நான்தான். ஐயனார் நகரில் ஒரு நிறுத்தம், இரண்டு ஊருக்கும் நடுவே காலையும் மாலையும் மின்சார ரயில், இவைதான் எங்கள் கோரிக்கை. சிரித்தவர்கள் உண்டு. தாம்பரமும் ஒரு காலத்தில் காடுதான் என்று அவர்களுக்குச் சொல்வேன்.

எண்பத்தேழில் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். தங்கமான மனிதர். பாலத்தைப் பார்த்தார், பெண்களிடம் பேசினார். வெள்ளத்தாய் என்ற பெண் முன்னால் வந்து, "எங்களுக்கு ரயிலே வேண்டாம்யா. பாலத்து ஓரமா கம்பி கட்டி நடக்கதுக்கு ஒரு பலகை போட்டுக் குடுங்க, அம்புட்டுப் போதும்" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. அதிகாரி என்னைத் தனியாக அழைத்து, "அந்தம்மா கேக்கறதை என்னால செய்ய முடியும் சார். சின்னச் செலவு. மத்ததுக்குப் பணம் இல்லை. மெட்ராஸ்லயே மின்சாரக் கம்பியை நீட்டணும்னு கேட்டுட்டு உக்காந்திருக்கோம்" என்றார்.

பலகை வேண்டாம் என்று நான் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். சிறியது ஒன்று கையில் கிடைத்துவிட்டால் ஜனங்களுக்குப் பெரியதைக் கேட்கும் வேகம் போய்விடும். பலகை போட்டபிறகு எவன் மின்சார ரயில் கேட்பான்? அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது, "நாலு பேர் அடிபட்டாத்தான் மேல இருக்கறவங்க அசைவாங்க. என்ன தேசம் சார் இது" என்று அலுத்துக்கொண்டார்.

அவர் அதை வருத்தத்தில் சொன்னார். நான் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டேன்.

பாலத்தருகே தவசிமுத்து என்ற பெரியவரைச் சங்கத்தின் சார்பில் நிறுத்தியிருந்தோம். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி போயிருந்தால் பச்சைத் துணியை வீசுவார், பெண்கள் பாலத்தில் ஏறுவார்கள். போகாவிட்டால் சிவப்பைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்பார். அவர் நின்ற காலத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை. நன்றாக வேலை செய்தார். அதுதான் பிரச்சினையாக இருந்தது.

மறு வருஷம் ஐப்பசி மழை பிடித்ததும் அவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். "வத்திராயிருப்புல மக வீட்டுக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருக்கீரே, போயிட்டு வாரும். துணியை எங்கிட்டக் குடும். நான் நிக்கேன்" என்றேன்.

"நீங்க மழையில நிக்கிறதா? செகரட்டரி அய்யாவுக்கு எதுக்கு இந்தப் பாடு" என்று அவர் தயங்கினார். பொறவு சந்தோஷமாகத்தான் போனார்.

நான் தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தருகே நின்றேன். பெண்களுக்கு ஒரே ஆச்சரியம். "அவியளே வந்து நிக்காகளேட்டி" என்று பேசிக்கொண்டார்கள். பிச்சையம்மாள் ஒருநாள் தூக்குச்சட்டியைத் திறந்து எனக்குச் சூடாக இரண்டு பணியாரம் கொடுத்தாள். வண்டி சரியான நேரத்துக்குப் போன நாட்களில் பச்சையை வீசினேன், அவர்கள் பத்திரமாகப் போனார்கள். நான் எதையும் அவசரப்படுத்தவில்லை. மழைக்காலத்தில் வண்டி ஒருநாள் பிந்தத்தானே செய்யும்.

பிந்தியது. காற்றும் மழையுமாக இருந்த காலை. வண்டி இன்னும் வரவில்லை. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கம்பெனி கேட்டை அடைத்துவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும். முன்னால் வந்த சுடலைமாடத்தி, "வண்டி போயிருச்சாய்யா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு, தைரியமாப் போங்க" என்று பச்சைத் துணியை வீசினேன்.

வண்டி டிரைவர் பிரேக் போடத்தான் செய்தார். அவர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வளைவில் யாராக இருந்தாலும் அவ்வளவுதான் முடியும். பின்னால் வந்தவர்கள் திரும்பி ஓடித் தப்பித்தார்கள். சுடலைமாடத்தி, பிச்சையம்மாள், மாரியாத்தாள் மூவரும் போய்விட்டார்கள். வெள்ளத்தாய் ஓடைக்குள் குதித்தாள், ஒரு காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் துணியைப் பிழிந்து உதறி மடித்துச் சைக்கிள் பையில் வைத்தேன். ஈரத்துணியை அப்படியே சுருட்டி வைத்தால் நாற்றம் வந்துவிடும்.

சைக்கிள் பஞ்சராகிப் பிந்திவிட்டேன், அதற்குள் அவர்களாகவே பாலத்தில் ஏறிவிட்டார்கள் என்று சொன்னேன். தப்பித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். மழையில் சாக்குக்குள் தலையைக் குனிந்து வந்ததால் முன்னால் யார் நின்றது என்று அவர்கள் பார்க்கவில்லை, நானும் துணியை வீசியதும் தோப்போரம் ஒதுங்கியிருந்தேன். வெள்ளத்தாய் மட்டும் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "செகரட்டரி அய்யாதான் போகச் சொன்னாக" என்று சொன்னாளாம். நான் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அது முந்தின நாள் நடந்ததும்மா. உனக்குத் தலையில அடி. நாள் குழம்பிப் போச்சு" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முதலில் அழுதாள். பொறவு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது அவளே, "எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சு போலய்யா" என்றாள். அவளுக்கு நிம்மதி கொடுக்க முடிந்ததில் எனக்கும் ஒரு நிம்மதி.

தவசிமுத்து வத்திராயிருப்பிலிருந்து திரும்பி வந்தபோது ஊரில் அவர் முகத்தில் யாரும் விழிக்கவில்லை. மழைநேரம் பார்த்து மகள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார் என்று பேச்சு. அவர் ஒருவரிடமும் எதிர்த்துப் பேசவில்லை, பாலத்தடியில் போய் உட்கார்ந்திருப்பார். பங்குனிக்குள் இறந்துவிட்டார். இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். யாரும் அவரைக் குறை சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

அதிகாரி சொன்னது பொய்யாகவில்லை. மறியல் நடந்தது, பேப்பரில் படம் வந்தது, அடுத்த வருஷமே நிறுத்தம் கிடைத்தது. மண் மேடை, மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர், ஒரு விளக்குக் கம்பம். திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். எட்டிப் பார்த்தேன், கம்பத்துக்கு மின்சாரக் கம்பி வந்திருந்தது. ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சரியாக அமையவில்லை. பகல் வண்டியும் இரவு வண்டியும் நின்றன. காலைப் பாசஞ்சரை நிறுத்தினால் இராஜபாளையத்தில் எதிர்வண்டிக்கு இடைஞ்சல் என்று அதை மட்டும் நிறுத்தவில்லை. இன்னொரு வண்டி விடப் பணம் இல்லை. ஆகவே பெண்கள் நிறுத்தத்தின் வழியாக நடந்து, பெயர்ப் பலகையைத் தாண்டி, பழையபடி பாலத்தின் மேலேயே வேலைக்குப் போனார்கள். துணி வீச யாரும் இல்லாததால் நானே நின்றேன். இந்த ஆறு வருஷமும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதையும் அய்யா எழுதிக்கொள்ள வேண்டும்.

போன ஆனியில் மதுரை ரயில்வே ஆபீசுக்கு மனு கொண்டு போனேன். அங்கே புது அதிகாரி. சின்னப் பையன், ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருக்கிற நிறுத்தத்தில் டிக்கெட் விற்கவில்லை, அதையே எடுத்துவிடலாம் என்று யோசனை, இதில் மின்சார ரயிலா என்று கேட்டான். ஜனங்களுக்கு ஞாபகம் மங்கிவிட்டது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது புரிந்தது. மூன்று பேர் என்பது ஒரு நிறுத்தத்துக்குத்தான் கண்டது. மின்சாரக் கம்பி வேண்டுமென்றால் அது போதாது.

போன வாரம் அந்த நாள் வந்தது. மழை, வண்டி பிந்தியிருந்தது. இப்போது கம்பெனிகள் பெருகிவிட்டதால் பெண்கள் கூட்டமும் அதிகம். நான் பச்சையை எடுத்து வீசினேன். வெள்ளத்தாய் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். அந்த இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். கடையிலிருந்து என்னைப் பார்த்தவள், கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து வந்தாள்.

"ஏட்டி, நில்லுங்கடி! ஒருத்தியும் பாலத்துல கால் வைக்காதீங்க! வண்டி இன்னும் போகலட்டி!"

பெண்கள் நின்றுவிட்டார்கள். செத்த நேரத்தில் வளைவில் வண்டி வந்து, காலியான பாலத்தின் மேல் கடகடவென்று போய்விட்டது. வெள்ளத்தாய் என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருசமா எனக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்யா" என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு கட்டையால் என் தோளில் அடித்தாள். மற்ற பெண்கள்தான் என்னைப் பிடித்து இங்கே கூட்டிவந்தார்கள். அன்று அவர்கள் எல்லோருக்கும் அரைநாள் சம்பளம் போயிருக்கும்.

நான் மறுக்கவில்லை. பச்சைத் துணியை இரண்டு தடவையும் தெரிந்தேதான் வீசினேன். பாலத்தில் நடைபலகை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று இங்குள்ள ஏட்டு சொன்னார். இரண்டு பக்கமும் கம்பியாம். கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இனி எங்கள் ஊருக்கு மின்சார ரயில் வராது.

அந்த மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டாயா என்று நேற்று கோபப்பட்டீர்கள். நியாயமான கேள்வி. இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஊருக்காக என்று எடுத்துச் சொல்லிக் கேட்டிருந்தால் அவர்கள் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் அய்யா, நல்ல மனசுக்காரிகள். அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.