அட்டையில் காலியாக இருந்த வரி

"ஹலோ… ஹலோ… ஆமா, தேவானந்தம்தான்… யாரு, எல்.என்.னா? சொல்லுங்க எல்.என்.… வயித்து வலிதான். ஆமா, ஆமா, அதான் லீவு. காலையிலேருந்து பச்சத் தண்ணி கூட இறங்கல."

அரை மணிக்கு முன்புதான் எட்டு இட்லிகள் சிரமமில்லாமல் இறங்கியிருந்தன. சேலையூரில் அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே தொலைபேசி ரத்தினபாய் டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. எழுபத்தாறாம் வருஷத்தில் பதினேழு குடும்பங்கள் அந்த எண்ணைத்தான் 'பி.பி. நம்பர்' என்று ஊருக்கெல்லாம் கொடுத்துவைத்திருந்தன. அழைப்பு வந்தால் டீச்சர் ஜன்னலில் நின்று கூப்பிடுவார். வந்தவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். உலகத்திலேயே அதிக நேரம் ஆயப்பட்ட கீரை அதுதான்.

"டெஸ்ட் முடிஞ்சுதா?… அடப் பாவமே! மனசைத் தளர விடாதீங்க எல்.என். எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த தடவை… என்ன? நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையா?… ஓ. சொல்லுங்க, சொல்லுங்க."

குரோம்பேட்டையிலிருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் தேவானந்தமும் எல்.என். என்கிற லக்ஷ்மிநாராயணனும் பதினோரு வருஷமாக எதிரெதிர் மேஜை. இருவரும் செய்துகொண்டிருந்தது விரல்நகம் அளவுப் படிகம். டெலிவிஷன் பெட்டிக்குள் வேண்டிய சிக்னலை மட்டும் வடிகட்டி அனுப்புவது அதன் வேலை. சிக்னல் படிகத்தின் மேற்பரப்பில் அலையாக ஓடும். கூடவே எங்கிருந்தோ அழையாத சிக்னலும் வந்து ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் அது மூன்று மேடுகளாகத் தெரியும். அந்த மேடுகளை ஒழிப்பவர் பெயர் டெல்லிக்குப் போகும் என்று டைரக்டர் அறிவித்த நாள்முதல் இருவருக்கும் சோறு தண்ணி மறந்துபோயிற்று.

"என்னது?… காணோமா? மூணு மேடுமா?… ஒண்ணு கூட இல்லையா? மீட்டரைத் தட்டிப் பாத்தீங்களா?… ரெண்டு மீட்டர்லயும்?… வேற படிகத்தை மாட்டியிருப்பீங்க… நம்பர் அதேதானா… சரி. சந்தோஷம். ரொம்ப ரொம்ப சந்தோஷம்."

சந்தோஷம் என்ற சொல் அவர் தொண்டையிலிருந்து வந்த விதத்தைக் கேட்டு டீச்சர் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"டைரக்டர் என்ன சொன்னாரு?… தோள்ல கை போட்டாரா? எந்தத் தோள்ல?… ரெண்டுலயுமா! என் தோள்லயும் ஒரு தடவை போட்டாரு எல்.என்., வழி விடச் சொல்லி… டெல்லிக்கா? ப்ளேன்லயா?… போங்க, போங்க, நல்லா போங்க… இல்ல, எனக்கென்ன பொறாமை? எனக்கு வயித்து வலி."

இந்தத் தடவை வலி நிஜம். படிகத்தை மேலும் கீழும் கண்ணாடிபோல் பளபளக்க வைப்பதே அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வேதம். எல்.என். தன் படிகத்தை அப்படிப் பளபளப்பாக்கியிருந்தார், பார்த்தால் அதில் முகம் மட்டுமல்ல, வரப்போகும் பதவி உயர்வே தெரிந்தது. தேவானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் ரயிலுக்கு ஓடியபின், உப்புத்தாளை எடுத்து அந்தப் படிகத்தின் அடிப்பக்கத்தை உரசித் தள்ளிவிட்டார். மேல்பக்கத்தில் கை வைத்தால் தெரிந்துவிடும். அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

"புரட்டிப் பாத்தீங்களா! எதுக்குப் புரட்டினீங்க?… சொரசொரன்னா?… ம்… ம்… அப்ப கொஞ்சம் அலை உள்ள முங்கி, அடியில மோதித் திரும்பி மேல வந்துகிட்டு இருந்துதா? அதான் மேடா?… அடி சொரசொரப்பா இருந்தா சிதறிப் போயிடுதா… ஏசப்பா! அப்ப இத்தனை நாள் பளபளன்னு தேய்ச்சதுதான் வினையா?… இல்ல, நான் உக்காந்துதான் இருக்கேன். டீச்சர், கொஞ்சம் தண்ணி."

டீச்சர் கையருகிலிருந்த கூஜாவைக் காட்டினார். எழுந்திருக்கவில்லை.

"என்ன வரி?… அட்டையிலயா?"

ஒவ்வொரு படிகத்துக்கும் ஓர் அட்டை உண்டு. செய்த வேலை, செய்தவர், நோக்கம் என்று ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள், கீழே ஒரு சாட்சிக் கையெழுத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிகம் வாசலைத் தாண்டாது.

"அடியைத் தேய்ச்சது யாருன்னு காலியா இருக்கா… இருக்கட்டுமே… நாலு மணிக்குள்ளயா?… யாரும் ஒத்துக்கலைன்னா உங்க பேரைப் போட்டுக்கச் சொன்னாரா? டைரக்டரேவா?… எல்.என். முறைன்னு பேர் வைக்கப் போறாங்களா! நில்லுங்க! எழுதாதீங்க! பேனாவை மூடுங்க! எப்படித் தேய்ச்சீங்கன்னு டெல்லியில கேட்டா என்ன சொல்லுவீங்க?… ஏதோ தோணிச்சுன்னா? தோணுமா உங்களுக்கு? பதினோரு வருஷமா தோணாதது!"

அவர் போட்ட கூச்சல் தாம்பரம் ஸ்டேஷனில் கிளம்பிக்கொண்டிருந்த வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்தியிருக்கும். பிறகு குரல் சட்டென்று தரைக்கு இறங்கியது.

"நான்தான் எல்.என்.… ஆமா, நான்தான். நேத்து சாயங்காலம்… உப்புத்தாள்தான். நாலு தாள் தேஞ்சுது… இருபது நிமிஷம். நேர்க்கோடா இல்ல, தாறுமாறா… கணக்குப் போட்டெல்லாம் இல்ல, ஆத்திரத்துல கை அப்படித்தான் போச்சு… ஹலோ? இருக்கீங்களா?… திட்டணும்னா திட்டிடுங்க. ஆனா பேரு என்னுது."

டீச்சர் காம்பைச் சட்டியிலும் கீரையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

"நோக்கமா?… அந்தக் கட்டத்தை விட்டுடக் கூடாதா… 'சிக்னல் சுத்தமாக'ன்னு போடுங்களேன்… பொய்க்குக் கீழ சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டீங்களா… ஒண்ணு நிஜம் சொல்லணும், இல்லேன்னா உங்க பேரா… பெரிய ஆளுய்யா நீங்க… இருங்க. ஒரு நிமிஷம் இருங்க."

அந்த ஒரு நிமிஷத்தில் தேவானந்தம் எதிரில் இரண்டு அட்டைகளைப் பார்த்தார். ஒன்றில் அவமானம், தன் பெயரோடு. இன்னொன்றில் பெருமை, எல்.என். பெயரோடு. இரண்டாவதைப் பார்க்கவே கண் கூசியது.

"எழுதுங்க. செய்தவர், தேவானந்தம். நோக்கம்… 'எல்.என்.னின் படிகத்தைக் கெடுப்பதற்காக'… ஆமா, அப்படியே. சிரிக்காம எழுதுங்க… டைரக்டர் படிச்சா படிக்கட்டும். டெல்லிக்காரன் படிச்சாலும் படிக்கட்டும், பேரு தெரியுமில்ல? பெருசா எழுதுங்க… கையெழுத்துப் போட ரெண்டு அம்பது வண்டியில வர்றேன்… வலியா? போயிடுச்சு… என்ன? படிகம் உங்களுது, தேய்ப்பு என்னுதா? அப்படின்னா ரெண்டு பேருமா போறோம்? ப்ளேன்ல, பக்கத்துப் பக்கத்துலயா?… சரி, சரி… எல்.என்., ஜன்னல் சீட்டு யாருக்கு?… ஹலோ? காதுல விழலைன்னு நடிக்காதீங்க… ஹலோ! எல்.என்.!… ஹலோ!"