இரண்டு வாளி நல்ல தண்ணீர்

சென்ற அக்டோபர் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, என் தம்பி மகள் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் தன் அப்பாவின் ரீலை எடுத்துக்கொண்டு கயாக் படகில் தனியாகக் கடலுக்குப் போனாள். ஒன்பதே முக்காலுக்கு அவளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் காவல் நிலைய அறிக்கையில் இந்த இரண்டு நேரங்களும் சரியாகவே உள்ளன, ஐயா. மற்றவற்றை வரிசைப்படி நான் சொல்கிறேன்.

கடலில் பயன்படும் ரீலை அன்றன்றே கழுவிவிட வேண்டும். கயாக்கில் உட்காருபவர் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கிறார். துடுப்புப் போடும்போதெல்லாம் உப்புநீர் ரீலின் மேல் தெறிக்கிறது. பெரிய படகில் பத்தாண்டு உழைக்கும் ரீல், கயாக்கில் கவனிப்பில்லாமல் ஒரு பருவத்தைத் தாண்டாது. நான் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவள். உலோகத்தை உப்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ரீலைப் பன்னிரண்டு ஆண்டுகள் நான்தான் கழுவினேன். தம்பி கரையிலிருந்து வந்ததும் தூண்டில் கோலைக் கொல்லைக் குழாயடியில் சாய்த்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிடுவான். இரண்டு வாளி நல்ல தண்ணீர், ஒரு பழைய பல் பிரஷ், துணி, மூன்று சொட்டு எண்ணெய். அவன் எழுந்து வரும்போது ரீல் காய்ந்து அலமாரியில் இருக்கும். அது எப்படி அங்கே போனது என்று அவன் யோசித்ததே இல்லை. அவன் மகள் மட்டும் ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லட்டுமா அத்தை?"

"சொல்லாதே. அவனாவே தெரிஞ்சுக்கணும்."

ஜூலை மாதத் தொடக்கத்தில், அவனுடைய கயாக் நண்பர்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ரீலைக் கையில் வைத்துக்கொண்டு, "கல்லு மாதிரிடா இது. பன்னிரண்டு வருஷம். ஒரு சொட்டு நல்ல தண்ணி காட்டினதில்ல," என்றான்.

"நீகூடத்தான் குளிக்கறதில்ல. ஓடிட்டுதானே இருக்க," என்றார் ஒருவர்.

"வேணும்னா அக்காவைக் கேளு. நான் கழுவி நீ பாத்திருக்கியா அக்கா?"

"இல்லை. நீ கழுவி நான் பார்த்ததில்லை," என்றேன். அது முழு உண்மை. எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் நான் கழுவுவதை நிறுத்தினேன். வெறுமனே துடைத்து அலமாரியில் வைத்தேன். ஒரு பொய் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்த விரும்பினேன். வேறொன்றுமில்லை.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ரீலைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். பதினெட்டாவது பயணத்தில் கைப்பிடி கரகரத்தது. "வயசாயிடுச்சு, அக்கா மாதிரி," என்றான் தம்பி. இருபத்திரண்டாவது பயணம் முடிந்தபோது டிராக் இறுகிவிட்டது. பெரிய மீன் இழுக்கும்போது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அந்த டிராக்தான். தம்பி போட்டிருந்தது தடித்த நரம்பு, லேசில் அறாது. கோலையும் படகோடு கயிற்றால் பிணைத்திருப்பான்.

ஒரு மீன் தப்பும், அவன் வெட்கப்படுவான், அவ்வளவுதான் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம். ஆனால் அன்றைய குறிப்பின் கீழே என் கையெழுத்தில் இருக்கிறது: "அடுத்த பெரிய மீன் படகைக் கவிழ்க்கும்."

அந்த ஞாயிறு தம்பிக்குக் காய்ச்சல். அவன் மகளுடைய ரீல் பழுதுபார்க்கப் போயிருந்தது. வாசலில் நின்று நரம்பை இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்கே அத்தை?"

தம்பி உள்ளே கட்டிலிலிருந்து, "அதுக்கு ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போ," என்றான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா கவனிக்கற ரீல்னா தொட்டிருக்கவே மாட்டேன். இது நீங்க கழுவற ரீலாச்சே."

சோதனையை முடிவுக்கு முன் நிறுத்தினால் அதுவரை எடுத்த குறிப்புகள் அனைத்தும் வீண். தவிர, நிறுத்தினால் அக்கா மறுபடியும் குறை கண்டுபிடிக்கிறாள் என்றுதான் அவன் சொல்லியிருப்பான்.

"புது கிரீஸ் போட்டிருக்கேன். ஓட ஓடச் சரியாயிடும்," என்றேன்.

அவள் படகைத் தள்ளிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு இட்லிக்கு ஊறவைப்பதுபோல எதையாவது செய்தேன் என்று நினைக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்ந்த படகின் அடியில், கோலைப் பிணைத்த கயிறு அவள் காலைச் சுற்றியிருந்ததாம். மீன் அப்போதும் நரம்பிலேயே இருந்ததாம்.

ரீலை அன்று மாலையே வீட்டில் கொடுத்துவிட்டார்கள். உப்போடு கிடந்தது. கை பழகிவிட்டது, பிரித்துக் கழுவி, எண்ணெயிட்டு வைத்தேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் தம்பி அதைச் சுழற்றிக் காட்டினான். "ரீல்ல ஒரு குறையும் இல்ல. அவளுக்குத்தான் கை பழகல," என்றான்.

என் வாக்குமூலத்தையும் குறிப்பேட்டையும் நீங்கள் இரண்டு நாள் வைத்திருந்தீர்கள். ரீல் சீராக ஓடுகிறது, முதியவள் துயரத்தில் பேசுகிறாள், ஆகவே இது விபத்து என்று முடிவெடுத்து, இன்று கோப்பை மூடுவதாகச் சொல்கிறீர்கள். உங்கள் முடிவை நான் எதிர்க்கவில்லை. மூடுவதற்கு முன் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள், ஐயா: பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ரீலைக் கழுவியவள் நான்.