இடது கன்னத்தில் ஒரு மச்சம்

கவுண்டர்ப் பெண்: மேடம், கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னொரு தடவை கேமராவைப் பாருங்க.

மனைவி: பாத்துக்கிட்டுத்தானேம்மா இருக்கேன். இதுக்கு மேல எப்படிப் பாக்கறது?

கணவர்: நாடியை லேசா இறக்கு. தோளை விடு. மூச்சை இழுத்துப் பிடிக்காதே...

மனைவி: துறைமுகத்துக்கு வந்தும் இவரு தொழிலை விடலை பாரு!

கவுண்டர்ப் பெண்: சார் போட்டோகிராஃபரா?

மனைவி: ஸ்டூடியோ வெச்சிருக்காரு. எங்க கல்யாணத்துக்கே அரை நாள்தான் ஷட்டரை இறக்கினாரு. இந்தக் கப்பலுக்காகத்தான் முதல் தடவையா ஒரு வாரம் பூட்டியிருக்காரு. நான் கடல்ல போகணும்னு எத்தனை வருஷமா நச்சரிச்சேன் தெரியுமா? வாசல் வரைக்கும் வந்தாச்சு... நீ என்னடான்னா என் மூஞ்சியை விட்டு நகரவே மாட்டேங்கறே!

கவுண்டர்ப் பெண்: கோச்சுக்காதீங்க மேடம். பேர் சரி, பிறந்த தேதி சரி, பாஸ்போர்ட் நம்பரும் சரி. இந்த மச்சம்தான் இடிக்குது.

மனைவி: எ... எந்த மச்சம்?

கவுண்டர்ப் பெண்: உங்க கன்னத்துல இருக்கறதுதான். டிக்கெட் போடும்போது, அடையாளம்னு கேட்ட இடத்துல 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்'னு எழுதியிருக்கீங்க. நேர்லயும் இருக்கு. பாஸ்போர்ட் போட்டோல மட்டும் காணோம்.

மனைவி: என்னங்க! அதை எதுக்கு எழுதினீங்க?

கணவர்: கேட்டிருந்தாங்க, எழுதினேன். தினமும் பாக்கற மச்சம்... வேற என்னத்தை எழுதறது?

மனைவி: முழங்கைத் தழும்பை எழுதியிருக்கலாம்ல? இஸ்திரிப் பெட்டி சுட்டது?

கணவர்: அது... ஞாபகத்துக்கு வரலை.

மனைவி: என் ஞாபகமே இல்லைன்னு சொல்லுங்க.

கவுண்டர்ப் பெண்: சார், மேடம்... சண்டையை ஓரமா வெச்சுக்கலாமா? பின்னாடி வரிசை நிக்குது. கொஞ்ச நேரத்துல கப்பல் படியைத் தூக்கிடுவாங்க.

கணவர்: தப்பு என்னோடதும்மா. அந்த பாஸ்போர்ட் போட்டோவை எடுத்தது நான்தான். மச்சம், பரு, தழும்புன்னு எதைப் பாத்தாலும் கை தானா போய் அழிச்சிடும். பழக்கதோஷம்.

மனைவி: ஆமாம்மா, ஆமா! எங்க தெருவுல ஒருத்தருக்கும் மச்சமே கிடையாது. எல்லாரும் இப்பத்தான் சாயம் அடிச்ச சுவர் மாதிரி இருப்பாங்க!

கவுண்டர்ப் பெண்: ஐயய்யோ! சார், என்ன இப்படி சொல்லிட்டீங்க?

கணவர்: ஏன்? உண்மையைத்தானே...

கவுண்டர்ப் பெண்: பாஸ்போர்ட் போட்டோல கை வெச்சிருந்தா அதை நாங்க ஏத்துக்கவே முடியாது. மேலதிகாரியைக் கூப்பிடணும். விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள கப்பல் போயிடும்.

கணவர்: கை வெக்கலைம்மா... லேசா... தூசி தட்டற மாதிரி...

மனைவி: போதும்! குட்டையை இன்னும் குழப்பாதீங்க.

கவுண்டர்ப் பெண்: இருங்க, ஒரு வழி இருக்கு. வேற ஏதாவது அரசாங்க அடையாள அட்டை வெச்சிருக்கீங்களா? மச்சத்தோட?

மனைவி: இல்ல.

கணவர்: இருக்கு! டிரைவிங் லைசென்ஸ். அவங்க ஆபீஸ்லயே எடுத்த படம். என் கை படவே இல்ல.

மனைவி: அது வேணாங்க.

கணவர்: ஏன்?

மனைவி: அதுல நான் நல்லாவே இல்ல.

கணவர்: கப்பல்ல ஏறத்தானே போறோம், பெண் பார்க்கவா வந்திருக்காங்க? உன் கைப்பையிலதான் இருக்கு. எடு, எடு.

மனைவி: இந்தாம்மா. சீக்கிரம் பாத்துட்டுக் குடுத்துடு.

கவுண்டர்ப் பெண்: ம்... இதுல மச்சம் இருக்கு.

கணவர்: அப்பாடா! பாத்தியா? இதுக்குப் போய்...

கவுண்டர்ப் பெண்: ஆனா, வலது கன்னத்துல இருக்கு.

கணவர்: அவன் படத்தைத் திருப்பிப் போட்டிருப்பான்ம்மா. அரைகுறை கேமராக்காரன். எங்க தொழில்ல இந்த மாதிரி ஆளுங்க நிறைய.

கவுண்டர்ப் பெண்: பின்னாடி சுவர்ல ஆபீஸ் பேர் நேராத்தானே இருக்கு சார்? படம் திரும்பினா எழுத்தும் திரும்பணுமே.

கணவர்: எழுத்தை மட்டும் தனியா நேராக்கி...

மனைவி: நீங்க கொஞ்சம் வாயை மூடுறீங்களா?

கவுண்டர்ப் பெண்: மேடம், எனக்குத் தலை சுத்துது. இப்ப மூணு பேர் இருக்கீங்க. ஒருத்தருக்கு மச்சம் இல்ல. ஒருத்தருக்கு வலது பக்கம், ஒருத்தருக்கு இடது பக்கம். டிக்கெட் போட்டது ஒருத்தருக்குத்தான். மன்னிச்சுக்கோங்க, நான் அதிகாரிக்கு போன் பண்றேன்.

மனைவி: போனை வெச்சுடும்மா. இவரு எந்தத் தப்பும் பண்ணலை. ஈர டிஷ்யூ இருந்தா ஒண்ணு குடு.

கணவர்: வேண்டாம்.

மனைவி: என்ன வேண்டாம்?

கணவர்: அது... ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போயிடலாம். கப்பல் போனா போகுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

மனைவி: அடுத்த வருஷமா! உங்களை அந்த ஸ்டூடியோவை விட்டுக் கிளப்பறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. மீதி உயிரை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெக்கச் சொல்றீங்களா? நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க.

கணவர்: சொன்னா கேளு...

மனைவி: திரும்புங்க!

கணவர்: திரும்பிட்டேன்.

கவுண்டர்ப் பெண்: மேடம், மெதுவா... ஐயோ! மேடம், மச்சம் அழியுது!

மனைவி: அழியறதுக்குத்தானே துடைக்கறேன். மை பென்சில்மா. கத்தாதே, வரிசையே பாக்குது.

கவுண்டர்ப் பெண்: பென்சிலா! மேடம்... சிரிப்பு வருது, தப்பா நினைக்காதீங்க. இப்ப கேமராவைப் பாருங்க... நேரா... பச்சை விளக்கு! பாஸ்போர்ட்ல இருக்கறது நீங்கதான்.

மனைவி: என்னங்க, திரும்புங்க. கோவமா?

கணவர்: இல்லையே.

மனைவி: இருக்கும். உங்களை நல்லா ஏமாத்தியிருக்கேன். நான் டைப்பிஸ்டா இருந்தப்போ, வேலைக்கு மனு போட போட்டோ வேணும்னு உங்ககிட்ட வந்தேனே... அன்னிக்குக் கார்பன் பேப்பர் மாத்தின கையால கன்னத்தைத் தொட்டிருக்கேன். உங்க ஸ்டூடியோ கண்ணாடியில பாத்ததும் துடைக்கப் போனேன். அதுக்குள்ள கிட்ட வந்து, 'இந்த மச்சம் உங்களுக்கு ரொம்ப அழகா இருக்குங்க'ன்னு சொல்லிட்டீங்க.

கவுண்டர்ப் பெண்: அப்புறம்?

மனைவி: அப்புறம் என்ன, போட்டோ வாங்கப் போகும்போது வெச்சுக்கிட்டுப் போனேன். நிச்சயத்துக்கு வெச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிடலாம்னு இருந்தேன், வாயே வரலை. தினமும் இவரு எழுந்துக்கறதுக்கு முன்னாடியே எழுந்து வெச்சுக்குவேன்.

கவுண்டர்ப் பெண்: லைசென்ஸ்ல வலது பக்கம் வந்தது?

மனைவி: அவசரத்துல மறந்துட்டேன். பஸ்ல கண்ணாடி இல்லாம குத்துமதிப்பா வெச்சேன், பக்கம் மாறிடுச்சு. பாஸ்போர்ட் போட்டோ அன்னிக்கு மழை. நனைஞ்சுபோய் உக்காந்தேன், கரைஞ்சதே தெரியலை. படத்தைப் பாத்ததும் பகீர்னு ஆச்சு. ஆனா இவரு எதுவும் கேக்கலை. தொழில் பழக்கத்துல இவரே அழிச்சுட்டதா நினைச்சுக்கிட்டாரு போலன்னு விட்டுட்டேன். பாவம்மா, ஒண்ணும் தெரியாத மனுஷன்.

கவுண்டர்ப் பெண்: சரி மேடம், படிவத்துல அடையாளத்தை மட்டும் மாத்திடறேன். என்ன போட?

கணவர்: வலது முழங்கையில சூட்டுத் தழும்பு. விரல்கடை நீளம். பிறை மாதிரி வளைஞ்சிருக்கும்.

மனைவி: ...ஞாபகத்துக்கு வரலைன்னீங்க? என்னைப் பாருங்க. இவ்வளவு ஞாபகம் வெச்சுக்கிட்டு, ஏன் மச்சம்னு எழுதினீங்க?

கணவர்: மச்சம்னு எழுதாம விட்டா... எனக்குத் தெரியும்கறது உனக்குத் தெரிஞ்சுடுமே.

மனைவி: என்ன தெரியும்?

கணவர்: ஒரு நாள் மூக்குப் பக்கமா இருக்கும், ஒரு நாள் காதுப் பக்கமா போயிருக்கும். நாள் முழுக்க மூஞ்சிங்களையே பாக்கறவன் நான்.

கவுண்டர்ப் பெண்: அப்ப டச்-அப் பண்ணினேன்னு சொன்னது?

கணவர்: பொய்தான்மா. அந்தப் படத்தை நான் தொடவே இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது.

மனைவி: அடப்பாவி மனுஷா! அப்ப விடிகாலையில நான் பூனை மாதிரி எழுந்து போனதெல்லாம்?

கணவர்: முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருப்பேன்.

மனைவி: எப்பலேர்ந்து தெரியும்? மறைக்காம சொல்லுங்க.

கவுண்டர்ப் பெண்: சார், சீக்கிரம் சொல்லுங்க, படியைத் தூக்கப் போறாங்க... எனக்கும் தெரிஞ்சாகணும்!

கணவர்: நீ ஸ்டூடியோவுக்கு வந்த அன்னிக்கே. 'கார்பன் ஒட்டியிருக்கு, துடைச்சுக்கங்க'ன்னு சொல்லத்தான் கிட்ட வந்தேன். நீ நிமிர்ந்து பாத்தே... நீங்க அழகா இருக்கீங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை. மச்சத்து மேல பழியைப் போட்டுட்டேன்.