வலது பக்கம் தாழுது

— அந்த ஜாக்கைத் தொடாத லைல். நான் இன்னும் வண்டிக்கு அடியிலதான் கெடக்கேன்.

— தொடல ரோண்டா. தொட்டா, பொண்டாட்டி மேல வண்டி விழுந்தது தற்செயல்னு ஊருல ஒருத்தனும் நம்பமாட்டான்.

— சிரிப்பு வரல. இந்த ஸ்பிரிங் பட்டையைப் பாரு, இப்பவே நசுங்கிப்போயிருக்கு. எதை நம்பி இவ்ளோ பெரிய கேம்பர் வீட்டை இந்த பிக்கப் லாரி முதுகுல ஏத்தின?

— அதோட கதவுலயே எடை எழுதியிருந்துச்சே.

— அது வெறுங்கூட்டோட எடை! தண்ணி, கேஸ், பேட்டரி, மெத்தை ஒண்ணும் அதுல சேராது. மொண்டானாவுல பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப.

— சொல்லியிருப்பேன்! அரிசோனா போலாம், குளிர்காலத்துல வெயில்ல உக்காரலாம்னு நான் கெஞ்சினப்பல்லாம் உனக்கு மாடு, வைக்கோல், வேலி. இப்ப நான் சொந்தமா ஒரு மெக்கானிக் கடை போட்டதும், மாட்டை வித்துட்டு ஊர் சுத்தக் கெளம்புற.

— பனி விழுந்தா உன் கடைக்கு யாரு வர்றா? போன வருஷம் ரெண்டு டிராக்டர் வந்துச்சு. அதுல ஒண்ணு நம்மளோடது.

— வாயை மூடிட்டு அந்தக் காத்துக் குழாயைக் குடு. திங்கக்கிழமை தனியா போறவனுக்கு என் கடையைப் பத்தி என்ன பேச்சு? நடுவழியில நீ கவுந்தா ஊரு என்னைத்தான் பேசும். அதுக்குத்தான் ஸ்பிரிங்குக்கு முட்டா ரெண்டு பக்கமும் இந்தக் காத்துப் பையை மாட்டிவிடுறேன்.

— தெரியும். பாசத்துல இல்ல.

— இல்லவே இல்ல. ஆமா, ஏன் வலது பக்கம் தாழுது?

— தாழுதா?

— நடிக்காத. ரெண்டு பையிலயும் ஒரே காத்துதான் அடிச்சிருக்கேன். வலது பக்கம் மட்டும் எறங்கி நிக்குது. உள்ள என்ன வச்சிருக்க? தள்ளு, நான் பாக்குறேன்.

— ரோண்டா, அந்த அலமாரியைத் தொறக்காத.

— என் ஸ்பேனர் பெட்டி! காலையிலேருந்து கடை பூரா தேடிட்டிருக்கேன்! போறதும் போற, திருடிட்டு வேற போறியா?

— அந்த அரிசோனா பாலைவனத்துல குளிர்காலம் பூரா ஆயிரக்கணக்குல வண்டி வந்து நிக்குமாம். ரிப்பேர் பாக்கத்தான் ஆளே கெடைக்காதாம்.

— அதுக்கு? உனக்கு ஒரு போல்ட்டு முடுக்கத் தெரியுமா?

— தெரியாது.

— இது என்ன, தண்ணித் தொட்டி தட்டினா டங்கு டங்குங்குது? முழுத் தொட்டி, கேஸ், நீ, நம்ம குண்டு நாய், எல்லாத்தையும் கூட்டித்தான் எடை போட்டேன். வண்டி தாங்கும். பாலைவனத்துக்குப் போறவன் தண்ணியை ஏன்டா தொறந்து விட்ட?

— நீ ஒரு ஆளுக்குத்தான் எடை போட்ட, ரோண்டா.

— என் எடைக்காகவா தண்ணியைக் கொட்டின?

— தண்ணியை அங்க போய் ரொப்பிக்கலாம்.

— பெட்டியத் திருடக் கை வருது, கேக்க வாய் வரல உனக்கு.

— கேட்டா வேண்டாம்னு சொல்லுவ.

— இப்ப கேளு.

— வர்றியா?

— வலது பைக்கு இன்னும் கொஞ்சம் காத்து அடி. அந்தப் பக்கம் நீ உக்காரப்போற. இடது பக்கம் ஸ்டீரிங்கைப் பிடிச்சு ஓட்டப்போறது நான்.